பிளக் பொருந்தினால் சுருளும் பொருந்துமா?

பயன்படுத்திய மெட்டல் டிடெக்டர் சுருளை இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்: "நல்ல நிலை, பிளக் ஒன்றுதான், உங்கள் கருவிக்கும் பொருந்தும்." இந்த வரியை நம்பி மாணவர்கள் பணம் கொடுக்கக்கூடாது என்பேன். அறிவியல் கழகத்திற்காக ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த வெள்ளி என்றால் இன்னும் கூடாது.

ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் தயாரித்த எக்ஸ்-டெர்ரா வரிசையைப் பாருங்கள். அதில் 705 மாடல் 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்களில் இயங்கக்கூடியது. எதில் இயங்கும் என்பதை மாட்டப்படும் சுருளே முடிவு செய்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 305 மாடலோ 7.5, 18.75 ஆகிய இரண்டுக்கு மட்டுமே. 3 கிலோஹெர்ட்ஸ் சுருளை மலிவாக வாங்கி 305-இல் மாட்டினால் பிளக் அழகாக உள்ளே போகும். பயன்தான் இருக்காது.

காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. தட்டையான அந்தப் பிளாஸ்டிக் வட்டுக்குள் பொதுவாக இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்று மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது, மற்றது பெறுகிறது. பல கருவிகளில் அனுப்பும் சுருள் ஒரு மின்தேக்கியோடு சேர்ந்து ஒத்ததிர்வில் இயங்குகிறது. சுருளின் தூண்டல் எண் இரண்டு மடங்கானால் ஒத்ததிர்வு அதிர்வெண் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடும். 15 கிலோஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 10.6 ஆகிவிடும். கருவி கேட்பது ஒன்று, சுருள் கொடுப்பது வேறொன்று.

இன்னொரு சிக்கல் சமநிலை. அருகில் உலோகம் இல்லாதபோது பெறும் சுருளில் ஏறக்குறைய மின்னழுத்தமே தூண்டப்படாதபடி இரண்டையும் நுட்பமாக அமைத்து, பசை ஊற்றி இறுக்கிவிடுவார்கள். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் பயன்படுத்தியதும் இத்தகைய தூண்டல் சமநிலைதான். (குண்டு அகப்படவில்லை. மெத்தையிலிருந்த எஃகுச் சுருள்வில்கள் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள்.) பழைய சுருள் கீழே விழுந்து உள்ளே கம்பி சிறிது நகர்ந்திருந்தாலும் இந்தச் சமநிலை கெடும். வெளியில் கீறல்கூடத் தெரியாது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. எந்த மாடலில் மாட்டிச் சோதித்தீர்கள் என்பதை. "சோதித்தாயிற்று" என்ற சொல் மட்டும் போதாது. சுருளின் மேல் அச்சிட்ட மாடல் பெயர், அதிர்வெண் ஆகியவற்றின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். நேரில் பார்த்தால் மல்டிமீட்டரை எடுத்துச் செல்லுங்கள். அனுப்பும் சுருளின் மின்தடை பொதுவாகக் குறைவாகவும், மெல்லிய கம்பியில் பல சுற்றுகள் சுற்றிய பெறும் சுருளின் மின்தடை கூடுதலாகவும் இருக்கும். மீட்டரை இணைத்தபடியே கேபிள் சுருளுக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் கம்பி உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. பிறகு கருவியில் மாட்டி, உலோகமில்லாத இடத்தில் சுருளைத் தட்டுங்கள். ஈரப் புல்லிலும் உரசிப் பாருங்கள். காரணமின்றிக் கத்தினால் உள்ளிருக்கும் மின்காப்புத் திரை பழுதாகியிருக்கலாம். எக்ஸ்பி டியூஸ் போன்ற கம்பியில்லாச் சுருள்களில் இந்த மல்டிமீட்டர் வித்தை பலிக்காது. அவற்றின் மின்னணுப் பகுதியும் மின்கலமும் சுருளுக்குள்ளேயே இருக்கின்றன.

இவ்வளவு சோதனைக்கு விற்பவர் இடம் தரவில்லையா? திரும்பி வந்துவிடுங்கள். பள்ளித் திட்டப்பணிக்கு இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தது. துடிப்புத் தூண்டல் வகைக் கருவிக்கு ஒரே சுருள் போதும். மாணவர்கள் செய்யக்கூடிய பல மின்சுற்றுகள் சுமார் 300 மைக்ரோஹென்றி சுருளுக்காக வடிவமைக்கப்பட்டவை. 0.5 மில்லிமீட்டர் எனாமல் பூசிய செப்புக் கம்பியை 25 சென்டிமீட்டர் விட்டத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று முறை சுற்றினால் அந்த அளவை நெருங்கிவிடலாம். மின்தடை ஏறத்தாழ 1.5 ஓம் வரும். மின்சுற்றோடு இணைக்குமுன் அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.