சாவி யாருக்கு?

போன மாசம் எங்க பெரியம்மா தவறிட்டாங்க. ஐஸ்பெட்டியில வச்சிருந்தோம், கரண்ட் போயிருச்சு. வாடகை ஜெனரேட்டர் வாசல்ல நிக்குது. கொண்டு வந்த பையன் சாவியைப் பையில போட்டுக்கிட்டு எட்டயபுரம் போயிட்டான். "சாவி இல்லாம ஓடாதுங்க" என்கிறார் பந்தல்காரர் போனில்.

ஏன் ஓடாது? இந்த மாதிரி பெட்ரோல் இன்ஜினில் சாவி ஆஃப்ல இருந்தா காயில் எர்த் ஆகும், பொறி வராது. அந்த ஒத்தை வயரைக் கழற்றிவிட்டு, மிஷினைப் பந்தலுக்கு வெளியே தள்ளி வச்சு (புகை ஆளைக் கொல்லும்) கயிற்றை இழுத்தேன். மூணாவது இழுப்பில் பிடிச்சிருச்சு. நிறுத்தணும்னா பெட்ரோல் டேப்பை மூடினாப் போதும்.

கோவில்பட்டி கரிசல்ல எங்கப்பா கிணத்துல ஓட்டின டீசல் இன்ஜினுக்குச் சாவியே கிடையாது. லீவரைத் தூக்கி ஹேண்டிலைச் சுத்தி, வேகம் வந்ததும் லீவரை விட்டா ஓடும். இப்போ திருட்டுக்குப் பயந்து சாவியாம். ரெண்டு பேர் தூக்கிட்டுப் போற சாமானுக்குத் திருடன் சாவியா கேக்கப் போறான்? மாட்டிக்கிட்டு முழிக்கிறது வாடகைக்கு எடுத்தவன்தான்.

பெரியம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகுதான் பையன் சாவியோட வந்து நின்னான்.