கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னால் கோபம் எதற்கு?



நேற்று நம் குடும்பக் குழுவில் மருமகன் ஒருவர், "தோத்தவன்தான் மெஷினைக் குறை சொல்வான்" என்று போட்டிருந்தார். பழைய மாணவர்கள் குழுவில் ஒரு தம்பி, "எல்லாம் முன்னாடியே செட் பண்ணி வெச்சதுதான் சார்" என்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தம்பிக்கு. நான் வாக்குச்சீட்டுக் காலத்திலும் தேர்தல் வேலை பார்த்தவன், மெஷின் காலத்திலும் பார்த்தவன். சீட்டுக் காலம் ஒன்றும் பொற்காலம் இல்லையப்பா. இரண்டு சின்னத்துக்கு நடுவில் முத்திரை விழுந்து செல்லாமல் போன ஓட்டுகள் எத்தனை! விடிய விடிய எண்ணி, தூக்கக் கலக்கத்தில் கட்டு மாறிப்போய் நடந்த சண்டைகள் எத்தனை! மெஷின் வந்தபின், காலையில் ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டி, கூட்டிக் காட்டி, அழித்துவிட்டு, சீல் வைத்துத்தான் ஆரம்பிப்போம். ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு, தோற்றால் மெஷின் மோசடி என்று பேசுகிறவரிடம் ஆதாரம் கேள். ஆதாரம் இல்லாத சந்தேகத்தை ஃபார்வர்டு பண்ணாதே.

இப்போது மருமகனுக்கு. உங்கள் பேச்சுதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. திரும்ப எண்ணச் சொல்வது திருட்டுப் பட்டம் கட்டுவது ஆகாது. பிளஸ் டூவில் என் மாணவி ஒருத்திக்கு மறுகூட்டலில் மதிப்பெண் கூடியது. திருத்தியவர் அயோக்கியர் இல்லை, ஒரு பக்கத்தைப் புரட்ட மறந்தவர். கவுன்சிலிங் முடிந்த பிறகு அந்தத் திருத்தம் வந்திருந்தால் அதை வைத்து அவள் என்ன செய்திருப்பாள்?

அதுதான் ராதாபுரத்தில் நடந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அ.தி.மு.க.வின் இன்பதுரை ஜெயித்ததாக அறிவித்தார்கள். தி.மு.க.வின் அப்பாவு வழக்குப் போட்டார். அவருடைய முக்கியமான புகார், 203 தபால் ஓட்டுகளை எண்ணாமல் தள்ளிவிட்டார்கள் என்பது. காரணம் என்ன தெரியுமா? உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் தலைமை ஆசிரியர்கள், அவர்கள் கெஜட்டட் அதிகாரி இல்லையாம்!

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு நானும் அப்படி எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் எது எண்ணப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர் ஓட்டையெல்லாம் காவல் காத்தவனின் ஓட்டு செல்லாது என்றால் அதைவிடக் கேவலம் உண்டா?

சென்னை உயர்நீதிமன்றம் 2019 அக்டோபரில் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. விடை எழுதிய தாள் உறைக்குள்ளேயே இருக்க, 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. யார் ஜெயித்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஐந்து வருஷமும் அந்தத் தொகுதி மக்கள் தங்கள் எம்.எல்.ஏ. யார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள முடியாமல் போனதே, அதற்கு யார் பொறுப்பு? தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. "முயல வேண்டும்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நழுவுகிறது.

இன்னொரு கணக்கு, ஹரியானாவின் பானிப்பட் பக்கத்திலிருந்து. 2022 நவம்பரில் புவானா லாக்கு என்ற கிராமத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தல். ஒரு வாக்குச்சாவடிக் கணக்கில் நேர்ந்த பிழையால் தகராறு வந்தது. 2025 ஆகஸ்டில் மெஷின்களை உச்சநீதிமன்றத்துக்கே வரவழைத்து எண்ணினார்கள். தோற்றவர் என்று சொல்லப்பட்டவருக்கு 1051, பதவியில் இருந்தவருக்கு 1000! மெஷினுக்குள் எண் சரியாகத்தான் இருந்தது. அதை எடுத்து எழுதியதில்தான் தவறு. அந்த 51 ஓட்டைக் கண்டுபிடிக்க இரண்டே முக்கால் வருஷம் ஆனது.

மருமகனே, அந்த மனிதரும் "தோத்தவன்" என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டுமா?

மெஷினா சீட்டா என்ற பட்டிமன்றத்தை நிறுத்துங்கள். இன்று நம்மிடம் இரண்டுமே இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் ஏழு விநாடி கண்ணில் பட்டு விவிபேட் பெட்டிக்குள் விழும் சீட்டு இருக்கிறது. மெஷின் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துவராவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் வழக்கமாக எண்ணுவது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகள்தான். அதற்கு மேல் வேண்டுமானால் வேட்பாளர் மனுக் கொடுக்க வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்பது தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்ட வழக்கை 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, எல்லா இடத்திலும் வேண்டாம். வித்தியாசம் மிகக் குறைவாக உள்ள தொகுதியில் மட்டுமாவது, யாரும் கேட்காமலே, அன்றைக்கே அத்தனை சீட்டையும் எண்ணுங்கள். வழக்கு வந்தால் ஆறு மாதத்தில் தீர்ப்பு என்பதைக் கட்டாயமாக்குங்கள். எண்ணி முடித்த முடிவை உறையில் பூட்டி வைக்காதீர்கள். இந்த மூன்றையும் எந்தக் கட்சி எதிர்க்கிறதோ, அந்தக் கட்சியிடம் காரணம் கேளுங்கள், அது உங்கள் கட்சியாக இருந்தாலும்.

கணக்கில் விடை மட்டும் எழுதினால் நான் மார்க் போட்டதில்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "வழிமுறை எங்கே?" என்றுதான் கேட்பேன். தேர்தல் ஆணையத்திடமும் அதையே கேட்கிறேன்.

மறுத்துப் பேச நினைப்பவர்கள் தாராளமாகப் பேசுங்கள். ஃபார்வர்டு மட்டும் அனுப்பாதீர்கள், சொந்தமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்