மெதுவாக மூச்சு விட்டால் பிபி குறையுமா? வாட்ச் ஆப்களின் 'பயோஃபீட்பேக்' பின்னணி

'மூச்சை இழுங்க... மெதுவா விடுங்க...' ஸ்மார்ட் வாட்ச், போன் ஆப் எதைத் திறந்தாலும் விரிந்து சுருங்கும் வட்டத்தைக் காட்டி இதைத்தான் சொல்கின்றன. தினமும் செய்தால் ரத்த அழுத்தம் குறையும் என்றும் சில ஆப்கள் ஆசை காட்டுகின்றன. முப்பது வயதிலேயே பிபி 150/95 என்று வந்து, 'இப்பவே மாத்திரையா?' எனத் தயங்குபவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன?

இந்த முறையின் பெயர் பயோஃபீட்பேக். இதயத்துடிப்பு, தசை இறுக்கம், தோலின் ஈரம் என நமக்குத் தெரியாமல் உடம்பில் நடப்பவற்றைக் கருவி அளந்து உடனுக்குடன் காட்டும். கண்ணாடி பார்த்துத் தலை வாருவது மாதிரி, அதைப் பார்த்தே உடம்பைத் தளர்த்தப் பழக வேண்டும்.

ஐடியா புதுசு இல்லை. பிரிட்டனில் டாக்டர் சந்திரா படேல், சக ஆய்வாளர் நார்த்துடன் சேர்ந்து 1975-ல் 'லான்செட்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். உயர் ரத்த அழுத்தம் உள்ள 34 பேர், 6 வாரம். யோகா தளர்வுப் பயிற்சியோடு பயோஃபீட்பேக்கும் பெற்றவர்களுக்கு சராசரி 168/100-லிருந்து 141/84 ஆனது. சும்மா ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு 169/101-லிருந்து 160/96. பிறகு அவர்களுக்கும் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய பிபியும் இறங்கியது.

அசத்தலான ரிசல்ட்தான். ஆனால் வேலை செய்தது யோகாவா, கருவியா? இரண்டையும் சேர்த்தே கொடுத்ததால் பிரிக்க முடியாது. சும்மா இருந்தவர்களுக்கே மேல் அளவு 9 புள்ளி குறைந்ததையும் கவனிக்கணும். முதல் முறை டாக்டர் முன்னால் இருக்கும் படபடப்பு, பழகப் பழகக் குறைந்துவிடும். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பிபி கொஞ்சம் இறங்கிவிடும்.

போலிக் கருவி சொன்ன உண்மை

2002-ல் 'ரெஸ்பிரேட்' என்ற கருவியை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதித்தது. உடம்பில் கட்டும் பட்டை மூச்சை அளக்கும். ஹெட்போனில் வரும் இசை அதை நிமிஷத்துக்கு 10-க்கும் கீழே இறக்கும். 2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிபியும் சர்க்கரை நோயும் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு உண்மையான கருவி. மறுபாதிக்கு இசை மட்டும் ஒலிக்கும், மூச்சைக் குறைக்காத போலிக் கருவி. போலியைவிட உண்மையான கருவி பிபியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை.

அப்போ எல்லாமே ஏமாற்றா? அப்படியும் இல்லை. மெதுவாக மூச்சு விடும்போது கழுத்து ரத்தக்குழாயில் உள்ள அழுத்த உணர்விகள் தூண்டப்பட்டு, இதயம் நிதானமாகி, பிபி சற்று இறங்குவது உண்மை. அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் பிரச்சினை. பிபி மாத்திரைகள் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கின்றன என்பதற்குப் பல்லாயிரம் பேரிடம் நடந்த சோதனைகள் இருக்கின்றன. பயோஃபீட்பேக்குக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆபத்தும் இங்கேதான். பிபிக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. மனசு லேசானதும் 'சரியாயிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்தினால், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகலாம். வாட்ச்சை நம்பியும் முடிவெடுக்க முடியாது. மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அது பிபியை ஊகிக்கிறது, அவ்வளவுதான். அனுமதி பெறாமல் பிபி காட்டும் வசதியைக் கொடுத்ததற்காக 'வூப்' நிறுவனத்துக்கு எஃப்.டி.ஏ 2025 ஜூலையில் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

மூச்சுப் பயிற்சி செய்பவர்கள் தாராளமாகத் தொடரலாம், மாத்திரையோடு சேர்த்து. பலன் இருக்கிறதா என்று பார்க்க, மேல்கையில் பட்டை சுற்றும் பிபி மெஷின் போதும். 5 நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும், ஒரு வாரம் அளந்து எழுதி வைக்கலாம். மாத்திரையைக் குறைக்கலாமா, வேண்டாமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து டாக்டர் சொல்வார்.