பென்டிரைவில் வந்த பபூன்

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போன மாதம் ‘வள்ளி திருமணம்’ பார்த்தேன். புவனகிரிப் பக்கம் ஒரு கிராமத் திருவிழாவில் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் படம் பிடித்ததை அக்கா மகன் பென்டிரைவில் வாங்கி வந்திருந்தான். கடலூர் மாவட்டத்துக்குச் சொந்தம் கூத்துதான். ஆனால் அந்த ஊர் இளவட்டங்களுக்குக் கூத்து சலித்துவிட்டதாம். தெற்கேயிருந்து நாடகக் குழுவை வரவழைத்திருக்கிறார்கள்.

முருகன் வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்துவிட்டார். பெரியவர்களுக்கு வணக்கம், தாய்மார்களுக்கு வணக்கம், மைக் செட்டுக்காரருக்குத் தனியாக ஒரு வணக்கம். பிறகு ஆரம்பித்தார். வாழைத்தார், பம்ப்செட், மாமியார் வீட்டுத் திண்ணை என்று எதைத் தொட்டாலும் அவரிடம் அதற்கு இன்னொரு அர்த்தம் இருந்தது. ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுக்க, மிருதங்கமும் ‘ஆல்ரவுண்ட்’ தாளக் கருவிகளும் சரியான இடத்தில் அடி போட, திடல் குலுங்கியது. அரை மணி நேரம் கழித்து டான்ஸ் ஆடும் பெண் வந்தாள். இருவரும் மோதிக்கொண்டார்கள், சண்டை பிடித்தார்கள், போட்டி போட்டு ஆடினார்கள். ஜோக்குகள் இப்போது அவளைச் சுற்ற ஆரம்பித்தன.

மருமகன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். “மாமா இருக்காருல்ல” என்று அவன் மனைவி முணுமுணுத்தாள். “நடு வூட்ல போடற வீடியோவாடா இது?” என்றாள் அக்கா. ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. இத அவ வூட்ல யாராவது பாத்தா என்னாடா ஆவும்?”

கேமரா அப்போதுதான் அவள் முகத்துக்கு நெருங்கியிருந்தது. பபூனின் ஜோக்குக்குக் கூட்டம் சிரித்து முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள். அடுத்த தாளத்துக்குத் தயாராகிற முகம். வேலையில் இருக்கிறவரின் முகம். திடலில் கடைசி வரிசையில் நின்றிருந்தால் எனக்கு ஜரிகைப் பாவாடையும் டியூப்லைட் வெளிச்சமும்தான் தெரிந்திருக்கும்.

திடலில் இந்த நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பபூனின் கொச்சைக்கு ஒரு நேரமும் இடமும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கிற நாடகம் இது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிடிக்காதவர் எழுந்து டீக்கடைப் பக்கம் போகலாம். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பபூனும் சும்மா பேசுவதில்லை. முன்வரிசையில் பஞ்சாயத்துத் தலைவர் உட்கார்ந்திருந்தால் ஒரு அளவு. அவர் எழுந்து போய்விட்டால் வேறு அளவு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த வார்த்தையை எடுக்கிறார்.

‘வள்ளி திருமண’த்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் துறவியைப் போல வாழ்ந்தவர். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, 1922இல் நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் காலமானார். நாடக மேடையில் ஒழுங்கு வேண்டும் என்றே 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபை தொடங்கியவர். பபூன் பேசுகிற பேச்சு அவர் எழுதியதில்லை. அது அந்தந்த ஊரில், அந்தந்த இரவில் பிறந்து அங்கேயே முடிகிற சரக்கு.

இந்தப் பேச்சை உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. மானிடவியலாளர் சூசன் சைசர் 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி, ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இவ்வகை நாடகத்தின் கலைஞர்களோடு பழகி எழுதிய ஆங்கில நூல் 2005இல் வெளிவந்தது. பபூன் கெட்ட ஜோக்கை நேராகச் சொல்வதில்லை என்பதை அவர் கவனித்தார். தனக்கு நடந்ததாக, யாரோ சொன்னதாக, ஆண்களுக்குள் பேசிக்கொள்வதாகத் தள்ளி வைத்துச் சொல்கிறார் பபூன். பெண்கள் தற்செயலாகக் காதில் வாங்கியதாகப் பாவனை. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மானம் போகாமல் சிரிக்க அப்படி ஒரு ஏற்பாடு. சைசர் பிறகு அமெரிக்காவின் சிறு ஊர்களில் மேடைக்கு மேடை அலைந்து பிழைக்கிற நகைச்சுவைக்காரர்களைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். மதுரையில் கற்றது அங்கேயும் உதவியிருக்கும்.

அவர் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: நாடக நடிகைகளின் பயணம். ஆண்கள் கூட்டத்தின் முன்னால் இரவெல்லாம் ஆடுகிறவள் என்ற பழி இந்தப் பெண்கள் மேல் எப்போதும் இருக்கிறது. அதனால் ஊருக்கு ஊர் போகும்போது தாங்கள் நடிகைகள் என்று தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். வேனுக்குள்ளேயே ஒரு வீட்டை உண்டாக்கிக்கொண்டு, குடும்பப் பெண்ணைப் போலப் போய், குடும்பப் பெண்ணைப் போலத் திரும்புகிறார்கள். மேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவர்களுக்குக் காப்பு.

பென்டிரைவ் அழித்துவிடுவது அந்தத் தூரத்தைத்தான். புவனகிரிப் பக்கம் ஓர் இரவு ஆடியது, சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அந்த ஆடிய பெண்ணின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? பபூன் தள்ளி வைத்துச் சொன்ன சாமர்த்தியம் எல்லாம் வெட்டுப்பட்டு, நாற்பது விநாடித் துண்டில் அவள் இடுப்பு மட்டும் மிஞ்சும். அக்கா சைசரின் நூலைப் படித்தவளில்லை. கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டுவிட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் கூத்தை நினைக்காமல் இருக்க முடியாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது கட்டியக்காரன் பேசாத பச்சைப் பேச்சா? திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதன மகாராஜாவையே ‘யாருய்யா நீ’ என்று கேட்டுக் கேலி செய்து, ராஜாவின் வீட்டுக்குள்ளும் புகுந்து வருவான். ஆனால் அங்கே ராணி வேடம் கட்டியவரும் ஆண்தான். முறுக்கிய மீசையை நேற்றுத்தான் மழித்தவர். கேலி அவர் உடம்பில் ஒட்டாது. விடிந்ததும் வேடத்தோடு கழன்றுவிடும். துகிலுரிதல் கட்டம் வந்தாலோ திடலின் முகமே மாறிவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள், சாமி வந்து ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். துச்சாதன வேடக்காரர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் புடவையில் கை வைப்பார். பொம்பளையின் மானத்தைத் தொடுகிற இடம் எது என்று அந்தக் கலைக்குத் தெரிந்திருந்தது. அதற்காகக் கூத்துதான் உசத்தி, நாடகம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பெண்ணே மேடையேறிச் சம்பாதிக்க முடிந்தது நாடகத்தில்தான். அப்படி ஏறியவளுக்கு எந்தக் காப்பும் மிஞ்சாமல் நாம் செய்துவிட்டோம் என்பதே என் புகார்.

வெளிநாட்டிலும் கொச்சைக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராய் ‘சப்பி’ பிரவுன் என்று ஒருவர். கட்டம் போட்ட பலவண்ணக் கோட்டும் விமானியின் தொப்பியும் அவர் வேடம். அவர் பேச்சு டிவிக்கு ஆகாது. அதனால் மேடை நிகழ்ச்சிகளையே வீடியோ கேசட்டாக விற்றார். பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது என்று தணிக்கைக் குழு போட்ட எண் அட்டையிலேயே இருக்கும். அவர் யாரைக் கேலி செய்தார் என்று எடுத்தால் அது தனிச் சண்டை. ஆனால் கேசட் வெளிவருவது அவருக்குத் தெரியும். அட்டையில் அவர் படம்தான் இருக்கும். காசும் அவருக்கு வரும். நம் பபூனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அன்றைய சம்பளத்தோடு சரி. படத்தை யூடியூபில் ஏற்றுகிறவருக்கு விளம்பரக் காசு. பார்க்கிறவருக்கு எச்சரிக்கை அட்டையும் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் ஆபாசமாக ஆடினாலோ பாடினாலோ மூன்று மாதம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 294. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதும், ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. எல்லா நிபந்தனையும் மேடையை நோக்கித்தான். இன்ஸ்பெக்டர் வந்து மைக்கை அணைத்தால் நஷ்டம் ஆடுகிறவர்களுக்கு. ஆபாசத்தை இணையத்தில் ஏற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வீடியோக்காரரின் ஸ்டாண்டை யாராவது மடக்கி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் இந்த நிலை இல்லை. நடராஜர் கோயில் கோபுரத்தில் நூற்றெட்டுக் கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்த ஊர் சிதம்பரம். 1981இலிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி அங்கே நாட்டியாஞ்சலி நடக்கிறது. உலகமெங்குமிருந்து வந்து ஆடுகிறார்கள்; வீடியோ எடுக்கிறார்கள்; தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆடுகிற பெண்ணுக்கு அதில் பெருமை. அதே ஆட்டம் ஆடிய தேவதாசிகளுக்கு ஒரு காலத்தில் இதே பழி இருந்தது. 1947இல் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆட்டம் கௌரவமான வீடுகளுக்குப் போய்விட்டது. பழி மட்டும் பழைய குடும்பங்களிடமே தங்கிவிட்டது. மேடை எது, ஆடுகிறவள் யார் என்று பார்த்துத்தான் நமக்கு வெட்கம் வருகிறது.

கொச்சையை ஒழிக்க என்னிடம் யோசனை எதுவும் இல்லை. ஒழிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. நாள் முழுக்க வயலில் குனிந்தவர்கள் வருஷத்தில் ஓர் இரவு வாய்விட்டுச் சிரிப்பதில் யாருக்கு என்ன நட்டம்? நான் கேட்பது விழாக்குழுக்காரர்களிடம் ஒரு சின்ன விஷயம். குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது வேன் வாடகை பேசுகிறீர்கள், ராத்திரிச் சாப்பாடு பேசுகிறீர்கள், எத்தனை மணிக்கு மேடையேறுவது என்று பேசுகிறீர்கள். கேமரா வைக்கலாமா என்றும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால் அதற்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள்.

மருமகனிடமும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷம் பபூனைப் பார்க்க ஆசை வந்தால் வண்டியை எடு, நானும் வருகிறேன், திடலில் நின்றே பார்ப்போம். “அப்ப நானும் வர்றேன்” என்றாள் அக்கா.