வாசல் தெரியும் தூரம்



நெடும்பயணம் என்றால் ரயில் ஒன்றே கதி என்றிருந்த காலம் போய்விட்டது. விடுமுறை பிறந்ததும் குடும்பத்தோடு வேனில் புறப்பட்டு, பத்து நாள், பதினைந்து நாள் என்று ஊர் ஊராகச் சுற்றி வருவோர் நம்மிடையே பலருண்டு. படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ளே அமைந்த 'கேரவன்' எனும் வீட்டு வண்டிச் சுற்றுலாவைக் கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. காவலுக்கு வளர்க்கும் நாய்களைத் தனியே விட்டுச் செல்ல மனமின்றி, அவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவோரும் இருக்கின்றனர். எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று சொல்லித் தருவோர் ஏராளம். எப்படித் திரும்பி வருவது என்பதைச் சொல்வோர் குறைவு. ஆகவே இம்மாதம், வீடு திரும்பும் அந்தக் கடைசித் தொலைவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

திருமுல்லைவாயிலில் வாழும் ஒரு குடும்பம், பெங்களூர் வழியாக ஊர் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், வாலாஜா என்று தேசிய நெடுஞ்சாலையில் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே செல்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் வந்ததுமே வண்டியில் இருப்போரின் மனம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பூவிருந்தவல்லியில் திரும்பி, பருத்திப்பட்டைக் கடந்து, ஆவடி வழியாக சி.டி.எச். சாலையைப் பிடித்தால் வீடுதான். ஆனால், மனம் சென்றுவிட்ட இடத்துக்கு உடல் இன்னும் சென்று சேரவில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை இன்னும் சாலையில்தான் இருக்கிறது. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக்கின் அனுபவம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1962-ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1960 செப்டம்பரில், வீடுபோல் அமைத்த ஒரு வண்டியில், சார்லி என்ற தம் முதிய நாயை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஏறத்தாழ 10,000 மைல் ஓட்டினார். திரும்பும் வழியில், வீட்டை அடைய இன்னும் பல நூறு மைல் இருக்கையில், வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் ஊரருகே தம் பயணம் திடீரென முடிந்துபோனதாக அவர் எழுதியுள்ளார். அதன் பிறகு கடந்த வழி அவர் நினைவில் சரியாகப் பதியவே இல்லை. மலையும் பாலையும் கடந்து வந்த அம்மனிதர், கடைசியில் தாம் வாழ்ந்த நியூயார்க் நகருக்குள்ளேயே வழி தெரியாமல் வண்டியை ஓரங்கட்டி நின்றார். அங்கு வந்த காவலர் அவரிடம் கேட்ட கேள்வி, குடித்திருக்கிறாயா என்பதுதான்!

அந்தக் கேள்வியை நாம் வேடிக்கையாகக் கருதிக் கடந்துவிட முடியாது. இடைவிடாமல் 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்பதை ஆய்வாளர்கள் சோதித்து அறிந்துள்ளனர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். மதுவின் வாடையையும் அண்டவிடாத இல்லங்கள் நம்முடையவை. ஆயினும், அதிகாலையில் எழுந்தவரை நள்ளிரவு வரை ஓட்ட வைத்து, நம் பிள்ளைகளை அவர் பின்னே உறங்க வைக்கிறோமே, இது எந்த வகையில் நியாயம்? சிந்தித்துப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில், ஓட்டுபவர் நான்கே நான்கு விநாடி கண்ணயர்ந்தால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் அந்த வண்டி பார்ப்பாரின்றி ஓடுகிறது.

நள்ளிரவு கடந்து விடியும்வரை உள்ள நேரத்திலும், நண்பகலுக்குப் பின் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலும் மனித உடல் தானாகவே உறக்கத்தை நாடும். ஆம்பூரில் இறங்கிப் பிரியாணியை வயிறாற உண்டுவிட்டு, 'இனி வீட்டில்தான் இறங்குவது' என்று ஏறி அமர்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து திருமுல்லைவாயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓட்டம் இருக்கிறது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வேனும் ஓட்டுநருக்குத் தரப்பட வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. ஊதியம் பெறும் ஓட்டுநருக்கு உரிய ஓய்வு, குடும்பத்தை ஏற்றிவரும் தந்தைக்கும் தமையனுக்கும் உரியதன்றோ? வீடு நெருங்கிவிட்டது என்பதற்காகவே கடைசி நிறுத்தத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். வாலாஜாவிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஓட்டுபவர் இருபது நிமிடமேனும் கண்மூடட்டும். தேநீர் சற்று நேரம் கைகொடுக்கும். உறக்கத்துக்கு அது ஈடாகாது.

வாயில்லாப் பிராணிகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் கதவடைத்து நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும் பயன் விளைவதில்லை. 'இதோ வீடு வந்துவிட்டது, அங்கே போய்த் தண்ணீர் வைக்கலாம்' என்ற எண்ணமும் கூடாது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துப் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை நபிமொழி வாயிலாக அறிந்தவர்கள் நாம்.

ஓட்டுபவரின் மடியிலோ காலடியிலோ நாயை இருக்க விடாதீர்கள். பின்பகுதியில் வாரிட்டுக் கட்டுங்கள். பழகிய தெருவின் மணத்தை அறிந்ததும் அது துள்ளி எழும். வண்டி நின்று கதவு திறந்த மாத்திரத்தில் வெளியே பாயும். பேருந்தும் லாரியும் ஓயாத சி.டி.எச். சாலையை ஒட்டி வாழ்வோர், கழுத்துப் பட்டையைக் கையில் பிடித்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். பாட்டியைக் கண்டதும் இறங்கி ஓடும் சிறு பிள்ளைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இதில் வீட்டில் காத்திருப்போருக்கும் பங்குண்டு. 'எங்கே வருகிறீர்கள்? இன்னும் எவ்வளவு நேரம்?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுபவரின் கைபேசியை ஒலிக்கச் செய்யும் அன்பு, அவரை விரட்டும் சாட்டையாகிவிடுகிறது. 'பொறுமையாக வாருங்கள், இரவு தங்கிவிட்டுக் காலையில் வந்தாலும் சரி' என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நீண்ட பயணத்திலிருந்து திரும்புவோர், முன்னறிவிப்பின்றி இரவில் வந்து வீட்டாரைத் திகைக்க வைக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்கு. இரவெல்லாம் ஓட்டி வரத் துடிப்போருக்கும் இதில் படிப்பினை இருக்கிறது.

முஸாஃபிருக்குரிய தொழுகைச் சலுகை எதுவரை நீடிக்கிறது என்பதை நம் மார்க்க அறிஞர்கள் தெளிவாக வரையறுத்திருக்கின்றனர். தன் ஊரின் எல்லைக்குள் நுழையும்வரை அவர் பயணியே. ஊரை நெருங்கிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் ஒருவரை ஊர்வாசியாக்கிவிடாது. பூவிருந்தவல்லியில் இருப்பவர் இன்னும் பயணிதான். ஆகவே புறப்பட்ட நாளில் காட்டிய அதே நிதானத்தை, வாயில் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் நம் ஊருக்குள் வந்து, வண்டியின் விசையை அணைக்கும் வரையில் கைவிடாதிருப்போமாக!

புறப்பட்ட அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமுடன் அவரவர் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.