தண்டனை யாருக்கு?



வகுப்பில் யாரோ ஒருவன் விசில் அடிப்பான். யாரென்று தெரியாது. "எல்லோரும் பெஞ்சு மேல் ஏறுங்கள்!" என்பார் ஆசிரியர். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகள் கண் கலங்கி நின்றதைப் பார்த்து, பிறகு வருந்தியும் இருக்கிறேன்.

நாடுகளுக்கும் இப்படி ஒரு தண்டனை உண்டு. பொருளாதாரத் தடை என்று பெயர். அந்த நாட்டோடு வாங்குவது, விற்பது, பணம் அனுப்புவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்துவிடும்.

ஈரானின் கதையைக் கேளுங்கள். பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில், எளிதில் பிளக்கக்கூடிய வகை நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் அளவைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். 5 சதவீதம் வரை கூட்டினால் மின்சாரம் தயாரிக்கலாம். 90 சதவீதம் ஆக்கினால் அணுகுண்டே செய்யலாம்! 'மின்சாரத்துக்குத்தான்' என்றது ஈரான். பல நாடுகள் நம்பவில்லை. 2006 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை தடை விதித்தது. பின்னர் ஈரானின் எண்ணெய் வியாபாரமும் முடங்கியது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2015-ல் வியன்னாவில் ஈரானும் ஆறு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 3.67 சதவீதத்தைத் தாண்டமாட்டோம் என்றது ஈரான். 2016 ஜனவரியில் பல தடைகள் நீங்கின. ஈரான் சொன்னபடி நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமையும் கூறியது. ஆனாலும் 2018-ல் அமெரிக்கா விலகி, மீண்டும் தடை போட்டது. மறு வருடமே ஈரானும் வரம்பை மீறியது. 2021-ல் 60 சதவீதத்தைத் தொட்டது. 2025 ஜூனில் அதன் அணு நிலையங்கள் மீது குண்டுகள் விழுந்தன. செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பி வந்தன.

இதில் உங்களைப் போன்ற பிள்ளைகளும் சிக்கினார்கள். தொட்டாலே தோல் கொப்புளமாகிக் கிழியும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயுள்ள ஈரானியக் குழந்தைகளுக்கு ஸ்வீடனிலிருந்து மிருதுவான கட்டுத்துணி வந்துகொண்டிருந்தது. 2018 தடைக்குப் பிறகு அது நின்றுபோனது. மருந்துக்குத் தடை இல்லை என்றுதான் சட்டம் சொன்னது. ஆனால் வங்கிகளும் கம்பெனிகளும் பயந்து ஒதுங்கின.

குண்டு போடுவதைவிடத் தடை மேல்தான். ஆனால், மருந்து வரும் வழி திறந்திருக்க வேண்டும். சொன்னபடி நடந்தவருக்குத் தண்டனை நீங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை யார் பேச்சைக் கேட்பார்?

நாளை நீங்களும் வகுப்புத் தலைவராகலாம், அதிகாரியாகலாம், அமைச்சராகலாம். தண்டனை கொடுக்கும் முன், அது யாருக்கு வலிக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், செல்லங்களே!