மின்சாரம் பெருகுகிறது, மீட்டர் யார் பெயரில்?



கூலாய், செடெனாக் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனை நின்ற இடங்களில் சன்னலே இல்லாத நீண்ட கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. உள்ளே மனிதர்கள் குறைவு. இரவு பகலாக ஓடும் கணினிகள்தான் அதிகம். இவைதான் தரவு மையங்கள். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்குத் தடை போட்டது, 2022 வரை அது நீடித்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலமும் கரண்டும் மலிவு. எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள்.

இந்தக் கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் தெரியுமா? ஒரு கணக்குப் போடுவோம். 100 மெகாவாட் அளவுள்ள ஒரு மையம் முழு வேகத்தில் ஓடினால் மாதத்துக்கு 7 கோடியே 20 லட்சம் யூனிட். உங்கள் வீட்டில் மாதம் 300 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அது 2 லட்சத்து 40 ஆயிரம் வீடுகளின் கரண்டு. தீபகற்பம் முழுவதற்கும் சேர்த்து உச்ச நேரத் தேவை 2024-இல்தான் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் ஒரு கட்டடத்துக்கு 100 மெகாவாட்!

ஆகவே மின் உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1992 செப்டம்பர் 29-ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1996 ஆகஸ்டு 3-இலும் அதே கதை. முதல் இருட்டுக்குப் பிறகுதான் தனியார் மின் நிலையங்களுக்கு அரசாங்கம் கதவைத் திறந்தது. அந்த முதல் வரிசையிலேயே நம் பாசிர் கூடாங்கில் ஒரு நிலையம் வந்தது. பிறகு பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் நிலக்கரி நிலையம் 2006, 2007-இல் ஓடத் தொடங்கியது, 2,100 மெகாவாட். 2016-இல் அதன் பக்கத்திலேயே இன்னொரு 1,000 மெகாவாட். ஆகக்கூடி, நாட்டுக்கு வெளிச்சம் கொடுப்பதில் ஜொகூர் மண்ணின் பங்கு சின்னது இல்லை.

நம் கேள்வி வேறு. இந்த வெளிச்சம் நம் லயத்துக்கு எப்போது, எப்படி வந்தது?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துரை பங்களாவில் விளக்கு எரியும். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு தோட்டத்து ஜெனரேட்டர் வந்தது. சாயங்காலம் போடுவார்கள், பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் ஜெனரேட்டரோடு அணைந்துவிடும். உயர் அழுத்தக் கம்பி தோட்டத்தின் தலைக்கு மேலேயே போகும், ஆனால் கீழே இறங்காது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் தொடங்கியது முதல் 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது வரை, 'தனியார் நிலம்' என்ற ஒற்றைச் சொல் நம்மைக் காத்திருக்க வைத்தது. பக்கத்துக் கிராமத்துக்குப் புறநகர் மின்சாரத் திட்டம் போகும். தோட்ட வேலிக்கு வெளியே நின்றுவிடும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறித்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சார வசதியும் செய்துதர வேண்டும் என்கிறது. இலவசக் குழாய்த் தண்ணீரும் அதில் உண்டு. ஆனால் 'போதிய மின்சாரம்' என்றால் என்ன? ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டரா, அல்லது தோட்டத்தின் மீட்டரிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பியா? இங்கேதான் சிக்கல்.

2025 ஜூலை 1-ஆம் தேதி முதல் வந்த கட்டண மாற்றத்துக்குப் பிறகு இந்தச் சிக்கல் நம் சட்டைப்பையைத் தொடுகிறது. கவனமாகப் படியுங்கள். புதிய முறையில் மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கத் தள்ளுபடி உண்டு. குறைவாகப் பயன்படுத்தினால் தள்ளுபடி கூடும். 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 10 வெள்ளி மாதக் கட்டணம் கிடையாது, எரிபொருள் விலைக்கேற்ப ஏறி இறங்கும் கட்டணமும் கிடையாது. ஏழைக் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சலுகை எல்லாம் மீட்டரைப் பார்த்து வருகிறது, குடும்பத்தைப் பார்த்து வருவதில்லை! நான்கு வீடுகள், வீட்டுக்கு 250 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் நான்கு பேரும் ஏழை. ஒரே மீட்டரில் தொங்கினால் 1,000 யூனிட், கணக்கில் நீங்கள் ஒரு பங்களா வீட்டுக்காரர். பழைய லயத்தில் இருப்பவர்களுக்கும், ஜொகூர் பாருவில் ஒரு வீட்டைத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே கதிதான். மிக ஏழைகளுக்கென்று 'இ-காசே' பட்டியலில் உள்ளவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை பில்லில் கழிவு தருகிறது அரசாங்கம். சொந்தப் பெயரில் பில்லே இல்லாதவருக்கு எதில் கழிப்பது?

அதே மாற்றத்தில் தரவு மையங்கள் கட்டும் கட்டணமும் உயர்ந்தது. சரியான காரியம். அவர்களுக்காகப் போடும் துணை மின் நிலையத்தின், கேபிளின் செலவு நம் பில்லில் மறைமுகமாக வந்து உட்காரக் கூடாது. கட்டண மறுஆய்வு வரும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். கரண்டு உற்பத்திக்கும் நிலம் வேண்டும், அதைத் தின்னும் கட்டடத்துக்கும் நிலம் வேண்டும். கூலாயில் 1,640 ஏக்கர் செம்பனைத் தோட்டம் ஒன்று 2020-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 43 கோடி வெள்ளிக்கு, சூரிய மின்சாரத்துக்கும் தரவு மையத்துக்கும் என்று கைமாறியது. இது கடைசித் தோட்டமாக இருக்கப்போவதில்லை. தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் வெட்டிக் குலை சுமந்தவருக்கு 600 நாள் சம்பளம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் பார்த்தால் 34,000 வெள்ளி அளவில் நிற்கும். வீட்டைப் பற்றி அந்த விதிமுறையில் ஒரு வார்த்தை இல்லை. சரவாக்கில் பாக்குன் அணைக்காகப் பத்தாயிரம் பூர்வகுடி மக்களை சுங்கை ஆசாப்புக்கு மாற்றியபோது, குறைந்தபட்சம் மாற்று வீடு என்ற பேச்சாவது இருந்தது (அந்த வீட்டுக்கும் அவர்களிடமே காசு கேட்டார்கள் என்பது தனிக் கதை). நமக்கு அந்தப் பேச்சும் இல்லை. ஒரு தோட்டத்தை மின் நிலையத்துக்கோ தரவு மையத்துக்கோ மாற்ற மாநில அரசு அனுமதி கொடுக்கும்போதே, அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சொந்த வீடும் சொந்த மீட்டரும் முதல் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். நில மாற்றம் மாநிலத்தின் கையில்தானே இருக்கிறது?

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கில், கட்டி முடித்த பிறகு கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சத்தில் நம் பிள்ளைகள் பாதுகாவலர் வேலைக்கு மட்டும் நிற்க வேண்டுமா? பெரிய மின் இணைப்பு உள்ள இடத்தில் தகுதிபெற்ற சார்ஜ்மேன் இருந்தே ஆக வேண்டும். 1994 மின்சார விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. வயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழைக் கொடுப்பது எரிசக்தி ஆணையம். எஸ்பிஎம் முடித்து என்ன செய்வது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனையும், ஆம், பெண்ணையும், பத்து பகாட் அட்டெக் போன்ற பயிற்சிக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மின் பில்லை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பில்லே கைக்கு வருவதில்லை, சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால், சம்பளச் சீட்டில் கரண்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று மூன்று மாதக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். லயத்தில் எத்தனை வீடு, எத்தனை மீட்டர் என்று எண்ணுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு, தொழிலாளர் இலாகாவில் கொடுங்கள். 446-ஆவது சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்கள் அவர்கள்தான். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இன்னொரு நகல் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குப் போகட்டும்.